நண்பர் கையில் போலி 'ரோலெக்ஸ்'... சொல்லலாமா, வேண்டாமா?

தீபாவளி ஒன்றுகூடல். முறுக்கும் அரட்டையும் களைகட்டியிருக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் நண்பர் போத்தலை எடுக்கக் கையை நீட்டுகிறார். சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு 'ரோலெக்ஸ்' எட்டிப் பார்க்கிறது. பளபளப்பு கொஞ்சம் அதிகம். தேதி எழுத்து கொஞ்சம் சின்னது. "அட, இது டூப்ளிகேட்தானே?" என்று மனம் சட்டென்று சொல்லிவிடுகிறது.

அதை வாயால் சொல்லலாமா?

சின்ன விஷயம்போலத்தான் தெரியும். ஆனால் தவறான இடத்தில் சொல்லும் ஒரு வார்த்தையால் பல ஆண்டு நட்பு கசந்துபோகலாம். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டால் ஒருவர் ஆயிரக்கணக்கான வெள்ளியை இழக்கவும் நேரலாம்.

எப்போது கண்டும் காணாமல் இருப்பது? எப்போது பேசுவது? எப்படிப் பேசுவது?

உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?

"போலியைக் கண்டுபிடிக்க 5 வழிகள்" போன்ற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வரும் பல 'அடையாளங்கள்' பாதி உண்மைதான்.

- "விநாடி முள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் போலி." எப்போதும் அப்படி இல்லை. பேட்டரியில் ஓடும் 'ஆய்ஸ்டர்குவார்ட்ஸ்' ரகத்தை ரோலெக்ஸ் நிறுவனமே 1970களிலிருந்து பல ஆண்டுகள் தயாரித்தது. அதில் முள் துள்ளித்தான் நகரும். கார்ட்டியே நிறுவனத்தின் 'டேங்க்' கடிகாரங்களில் பலவும் பேட்டரியில் ஓடுபவை.

- "முள் வழுக்கிக்கொண்டு போனால் அசல்." இதுவும் சரியில்லை. இன்றைய ரோலெக்ஸ் ரகங்கள் பெரும்பாலானவற்றில் விநாடி முள் ஒரு விநாடிக்கு 8 சிறு அடிகள் எடுத்துவைக்கும். அதனால் வழுக்குவதுபோல் தெரியும். அதே வேகத்தில் ஓடும் இயந்திரங்கள் போலிகளுக்குள்ளும் இருக்கின்றன.

- "தேதிக்கு மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லையென்றால் போலி." தேதியே காட்டாத அசல் ரோலெக்ஸ் ரகங்களும் உண்டு.

- "பார்க்க அப்படியே ரோலெக்ஸ் மாதிரி இருக்கு, ஆனா விலை கம்மி." வடிவத்தைத் தழுவிச் செய்வது வேறு, போலி வேறு. இன்விக்டா நிறுவனத்தின் 'புரோ டைவர்' பார்வைக்கு ரோலெக்ஸ் 'சப்மரினர்' போலவே இருக்கும். ஆனால் அதன் முகப்பில் இன்விக்டா என்ற சொந்தப் பெயர்தான் இருக்கும். அடுத்தவர் பெயரையோ சின்னத்தையோ அனுமதியின்றிப் பொறித்தால்தான் அது போலி.

இன்னோர் உதாரணம் 'மூன்ஸ்வாட்ச்'. ஸ்வாட்ச், ஒமேகா இரண்டும் சேர்ந்து 2022 மார்ச்சில் வெளியிட்ட கடிகாரம் அது. ஒமேகா 'ஸ்பீட்மாஸ்டர்' விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும். அதை வாங்கச் சிங்கப்பூரிலும் மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். முகப்பில் ஒமேகா பெயரும் இருக்கும். விவரம் தெரியாதவர் "போலி ஒமேகா!" என்று சொல்லிவிட்டால் அசடு வழிய வேண்டியதுதான்.

சரி, எப்படித்தான் உறுதிசெய்வது? அனுபவமுள்ள கடிகாரப் பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருந்தால் போதாது. அவற்றையும் போலியாகச் செய்கிறார்கள்.

ஆகவே, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உங்களால் சந்தேகப்படத்தான் முடியும். தீர்ப்புச் சொல்ல முடியாது.

அணிந்திருப்பவருக்குத் தெரியுமா?

கடிகாரத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். பொதுவாக மூன்று வகை.

1. தெரிந்தே அணிபவர். கோலாலம்பூரின் பெட்டாலிங் ஸ்திரீட்டிலோ பேங்காக் கடைத்தெருவிலோ பேரம் பேசி வாங்கியிருப்பார். சிலருக்கு அது விளையாட்டு. "அம்பது வெள்ளிதான் புரோ!" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். சிலருக்கு அது ஆசை. அசலை வாங்க வசதியில்லை, ஆனால் அப்படி ஒன்று கையில் இருக்க வேண்டும். இன்னும் சிலர் வீட்டில் அசல் வைத்திருப்பார்கள். பயணத்தில் தொலைந்துவிடுமோ என்று பயந்து போலியைக் கட்டிக்கொள்வார்கள்.

2. தெரியாமல் அணிபவர். பரிசாக வந்திருக்கும். அப்பா விட்டுச்சென்றதாக இருக்கும். இணையத்தில் யாரிடமோ 'செகண்ட் ஹேண்ட்' என்று நல்ல விலை கொடுத்து வாங்கி ஏமாந்திருப்பார். இவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றப்பட்டவரே இவர்தான்.

3. மற்றவரை நம்பவைக்க அணிபவர். அந்தக் கடிகாரத்தை உங்களிடம் விற்கப் பார்ப்பவர் ஒரு ரகம். அதைக் காட்டித் தம்மைப் பெரிய பணக்காரர் என்று நம்பவைத்து, வேறு ஏதோ விற்கப் பார்ப்பவர் இன்னொரு ரகம்.

வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். சட்டென்று ஒரு கிண்டல் அடித்தால் அது மூவரில் யார்மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் வகைக்காரர்மேல் விழுந்தால் அவருக்கு இரட்டை அடி. பணம் போனதும் தெரியவரும், நாலு பேர் முன்னால் தலை குனியவும் வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"போலி அணிவதே குற்றம், அதனால் சொல்வதில் தப்பில்லை" என்று சிலர் வாதிடுவார்கள்.

சிங்கப்பூரின் வர்த்தக முத்திரைச் சட்டம் குறிவைப்பது வியாபாரத்தை. போலிப் பொருளை விற்பது, விற்பனைக்கு வைப்பது, வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வது, வியாபாரத்துக்காக வைத்திருப்பது ஆகியவை குற்றம். ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளி வரை, மொத்தம் 100,000 வெள்ளிக்கு மேற்போகாத அபராதம் விதிக்கப்படலாம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்றைக் கையில் கட்டியிருப்பதை அந்தப் பிரிவு குற்றமாகக் குறிப்பிடவில்லை.

மலேசியாவிலும் 2019ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டம் போலிப் பொருள் வியாபாரத்தைக் குற்றமாக்குகிறது.

ஆனால் எல்லா நாடுகளும் ஒன்றல்ல. இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிரான்சில் சுங்க அதிகாரிகள் பொருளைப் பறிமுதல் செய்து அபராதமும் விதிக்கலாம். 'சொந்தப் பயன்பாடு' என்று சொல்லி அங்கே தப்பிக்க முடியாது.

போலிப் பொருள் வியாபாரம் பெரிய வியாபாரம் என்பதையும் மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டு உலக வர்த்தகத்தில் 2.5 விழுக்காடு வரை போலிப் பொருள்கள் இருந்திருக்கலாம் என்பது பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் மதிப்பீடு. அதற்காக, விருந்துக்கு வந்தவருக்குச் சாப்பாட்டு மேசையில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விற்பவரை எதிர்ப்பது ஒன்று. வாங்கியவரை அவமானப்படுத்துவது வேறொன்று.

ஏன் அவ்வளவு வலிக்கிறது?

"இது ஃபேக்தானே?" என்று கேட்கும்போது நீங்கள் பேசுவது கடிகாரத்தைப் பற்றி. கேட்பவர் காதில் விழுவது வேறு: "உன்னால வாங்க முடியாது. முடியும்னு காட்டிக்கிறே. நான் கண்டுபிடிச்சுட்டேன்."

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955இல் 'முகம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாலு பேர் கூடும் இடத்தில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய ஒரு தோற்றத்தைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். தம் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதோடு அடுத்தவர் முகத்தையும் காப்பாற்றுகிறார்கள். அப்படிச் செய்வதால்தான் கூடிப் பேசவே முடிகிறது என்பது அவர் கருத்து. அடுத்தவரின் சங்கடத்தைக் கவனிக்காததுபோல் இருப்பதும் அதற்கு ஒரு வழி.

இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சமூகவியல் தேவையில்லை. 'முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டான்', 'அவ முகமே செத்துப்போச்சு', 'எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது' என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். மலாய் நண்பர்கள் 'ஜாகா ஆயர் மூகா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முகத்தின் நீரைக் காப்பது'. சீன நண்பர்கள் 'மியென் ஸி' என்பார்கள். அதுவும் முகம்தான். நம்மைச் சுற்றிப் புழங்கும் மூன்று மொழிகளும் மானத்துக்கு முகத்தைத்தான் அடையாளமாக வைத்திருக்கின்றன.

பேச வேண்டாத நேரம்

ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பேசாமல் இருந்தால் யாருக்காவது ஏதாவது இழப்பு உண்டா?

இல்லை என்றால் பேச வேண்டாம். அவ்வளவுதான். பேசாமல் இருப்பது பொய் சொல்வதாகாது. உங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

வாய் பேசாவிட்டாலும் காட்டிக்கொடுக்கும் செயல்கள் உண்டு. இவற்றையும் தவிர்க்கலாம்:

- "எங்கே, கழற்றிக் காட்டு" என்று கேட்பது.
- "எவ்ளோ? எங்க வாங்குன?" என்று துருவுவது.
- பக்கத்தில் இருப்பவரிடம் கண் ஜாடை காட்டிச் சிரிப்பது.
- படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "அசலா போலியா?" என்று கேட்பது. நேரில் சொல்வதைவிட இது மோசம். அந்தப் படம் சுற்றிச் சுற்றி ஒருநாள் அவரிடமே போய்ச் சேரும்.
- "வா, ரோலெக்ஸ்! பெரிய ஆளாயிட்டே!" என்று அளவுக்கு மீறிப் புகழ்வது. தெரிந்தே அணிந்திருப்பவருக்கு இதுவும் ஊசி குத்துவதுபோலத்தான்.

பார்த்தீர்கள். பார்வையை எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

பேச வேண்டிய நேரம்

இழப்பு உண்டு என்றால் கதை மாறுகிறது. உதாரணமாக:

விற்கவோ அடகு வைக்கவோ போகிறார் என்றால். போலி என்று தெரியாமல் விற்றுவிட்டு, வாங்கியவர் புகார் கொடுத்தால் அவர் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரலாம். தெரிந்தே அசல் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்றுக் குற்றம். சிங்கப்பூரில் அதற்கு 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அதே ஆளிடம் இன்னொன்று வாங்கப் போகிறார் என்றால். "இந்த வாட்ச்காரர் ரொம்ப நல்லவரு, தம்பிக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றால் அமைதியாக இருப்பது நட்பாகாது.

இத்தாலிக்கோ பிரான்சுக்கோ போகிறார் என்றால். காரணத்தை மேலே பார்த்தோம்.

அதை அணிந்து நீந்தப் போகிறார் என்றால். அசல் 'சப்மரினர்' 300 மீட்டர் ஆழம் வரை நீர் புகாமல் தாங்கும். போலியின் முகப்பில் பொறித்திருக்கும் ஆழத்தை நம்ப முடியாது.

எப்படிச் சொல்வது?

தனியாக. நேரில். அடக்கமாக. தீர்ப்பாகச் சொல்லாமல் யோசனையாகச் சொல்லுங்கள்.

வயதொத்த நண்பரிடம்: "டேய், விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாட்ச் கடையில செக் பண்ணிடு. இப்ப டூப்ளிகேட் நிறைய வருது. வாங்குறவன் அப்புறம் பிரச்சினை பண்ணக்கூடாதுல்ல?"

இதில் 'உன்னுடையது போலி' என்ற சொல்லே இல்லை. அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால் புரிந்துகொள்வார். தெரியாவிட்டால் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வார். இரண்டிலும் அவர் முகம் உங்கள் முன்னால் வாடாது.

பெரியவர்களிடம் இன்னும் கவனம் தேவை. ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். மாமா காலமாகிவிட்டார். அவர் கட்டியிருந்த 'ரோலெக்ஸை' அத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். "உன் மச்சான் யுனிவர்சிட்டி போறப்போ இதை வித்துக் கட்டிடலாம்னு மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு" என்கிறார். உங்களுக்கோ பார்த்தவுடன் சந்தேகம்.

இங்கே அந்தக் கடிகாரம் பணம் மட்டுமல்ல. மாமாவின் நினைவும் அதுதான். "அத்தை, இது போலி" என்றால் மாமா ஏமாந்தார் என்றோ, ஏமாற்றினார் என்றோதான் அவருக்குக் கேட்கும். அதேநேரம் பேசாமலும் இருக்க முடியாது. மச்சானின் படிப்புச் செலவுக்கு அவர் இதை நம்பியிருக்கிறார். கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் கடையில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, இரண்டு ஆண்டு முன்பே தெரிந்தால் வேறு வழி பார்க்க நேரம் இருக்கும்.

"அத்தை, ரொம்ப நாள் ஓடாம இருந்தா வாட்ச் உள்ள எண்ணெய் காஞ்சிடுமாம். ஒரு தடவை சர்வீஸ்காரர்கிட்ட காட்டி, என்ன விலை போகும்னும் கேட்டுடலாம். இந்தச் சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணெய் காய்வது உண்மையான விஷயம்தான், சாக்கு இல்லை. செய்தியைச் சொல்பவர் விவரம் தெரிந்தவராக இருப்பார். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். அந்த 'நானும் கூட வரேன்' என்பதுதான் முக்கியம்.

போலி என்று தெரிந்த பிறகு என்ன சொல்வது? "மாமாவையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க அத்தை" என்று அவசரப்பட்டுக் கதை கட்ட வேண்டாம். உண்மை நமக்குத் தெரியாது. "மாமா தினமும் கட்டியிருந்த வாட்ச். அது உங்ககிட்டயே இருக்கட்டும். ஃபீஸுக்கு வேற வழி பார்ப்போம்" என்றால் போதும்.

ஏமாந்தவர் நண்பரென்றால் கைகொடுக்கலாம். விற்பனை ஒப்பந்தம் தொடர்பான 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிங்கப்பூரின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மோசடி என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். விற்றவருடன் பேசிய குறுஞ்செய்திகளையும் பணம் அனுப்பிய சான்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அவரே கேட்டால்?

"எப்படி இருக்கு என் வாட்ச்?" என்று கேட்டால் அது பாராட்டுக்கான கேள்வி. "உனக்கு நல்லா இருக்கு" என்பது பொய்யில்லாத பதில்.

"பார்த்தா ஒரிஜினல் மாதிரி இருக்கா?" என்று கேட்டால் அவருக்கே தெரியும். சிரித்துக்கொண்டு பேசலாம்.

"உண்மையைச் சொல்லு, இது ஒரிஜினலா?" என்று கவலையோடு கேட்டால் மழுப்பாதீர்கள். "எனக்குச் சந்தேகமா இருக்கு. ஆனா நான் எக்ஸ்பர்ட் இல்லை. வா, காட்டிக் கேட்போம்" என்று சொல்லுங்கள்.

கடிகாரத்தைக் காட்டிப் பணம் கேட்டால்?

மூன்றாம் வகைக்காரரை மறந்துவிட வேண்டாம். கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "மூணே வருஷத்துல இந்த நிலைக்கு வந்தேன். நீங்களும் வரலாம்" என்று முதலீட்டுத் திட்டம் பேசுபவர்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். கடிகாரம் அசலா போலியா என்று ஆராய்கிறார்கள். அசல் என்று தெரிந்தால் ஆளையும் நம்பிவிடுகிறார்கள். அசல் ரோலெக்ஸ் வைத்திருப்பவரும் மோசடி செய்யலாம். இன்னொருவரிடம் ஏமாற்றிய பணத்தில் வாங்கியதாகக்கூட அது இருக்கலாம். கடிகாரம் அசல் என்பதற்காக முதலீடும் அசலாகிவிடாது.

ஆகவே மணிக்கட்டைப் பார்க்க வேண்டாம். உரிமத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் நாணய வாரியத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. மலேசியாவில் பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. பெயர் பட்டியலில் இல்லையா? "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுங்கள். அவருடைய வாட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

போலியை அணிந்திருப்பது நீங்களா?

அது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றே ஒன்று: யாராவது நேராகக் கேட்டால் "அசல்தான்" என்று சாதிக்காதீர்கள். "சும்மா ஆசைக்கு வாங்கினது" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். சாதித்தால் அந்தப் பொய்யையும் தினமும் கையில் கட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

அதை யாருக்கும் அசல் என்று சொல்லிப் பரிசாகவும் கொடுக்க வேண்டாம். பத்து ஆண்டு கழித்து அவர் அதை விற்கப் போகும் கடையில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

சுருக்கமாக

- சந்தேகம் வேறு, உறுதி வேறு.
- அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.
- யாருக்கும் இழப்பில்லை என்றால் பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.
- பணமோ சட்டச் சிக்கலோ காத்திருந்தால் தனியாகச் சொல்லுங்கள், கூடவே போங்கள்.
- கடிகாரத்தைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் உரிமத்தைத் தேடுங்கள்.